நான்காவது தடம்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தெருவில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் பூட்டிக் கிடந்த கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அக்கா வேலை பார்க்கும் நிலவறை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இறங்கினார்கள். மொத்தம் பதினேழு படிகள். அக்காவின் தட்டைச் செருப்பு ஒவ்வொரு படியிலும் சப்பென்று அறைந்தது. அவள் விரலில் மாட்டியிருந்த சாவிக்கொத்து அதற்குத் தாளம் போட்டது. சத்தமில்லாமல் ஒரு காரியமும் செய்யத் தெரியாதவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலோ, சத்தத்தைப் போக்குவது.

பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது அவளுடைய வேலை. தேய்ந்துபோன மேடைப்பேச்சானாலும் சரி, மறைந்த தகப்பன் மகளுக்காகப் பாடி வைத்த தாலாட்டானாலும் சரி, சொல்லுக்கு நடுவில் விழுந்த தும்மலைச் சொல் சிதையாமல் எடுத்துவிடுவாள். அதனால் தம்பி அவளுக்கு ‘வடிகட்டி’ என்று பெயர் வைத்திருந்தான். ஊரில் உள்ள இரைச்சலையெல்லாம் வடிகட்டத் தெரிந்தவளுக்குத் தன் குறட்டையை வடிகட்டத் தெரியவில்லை என்று அவள் கணவர், தம்பிக்கு அத்தான், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்தக் குறட்டை கூடத்தைக் கடந்து தம்பியின் அறைவரைக்கும் வரும்.

தம்பி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். பகலெல்லாம் தூசு ஒட்டாத கைகளோடு மெல்லப் பேசி, மெல்ல நடந்து வேலை பார்ப்பான். வீட்டுக்கு வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலகத்திலேயே அழுக்கான இசையைக் கேட்பான். ஆகவே அக்கா அவனுக்கு வைத்த பெயர் ‘இரைச்சல்’.

"மெதுவா இறங்குடா இரைச்சல். அதைக் கீழ போட்டேன்னா ஒரு வருஷம் துக்கம் கொண்டாடுவ."

"போட்டா நானும் கூடவே விழுந்துடுவேன்க்கா."

அவன் மார்போடு அணைத்திருந்த துணிப்பையில், நான்கு தடங்களில் தனித்தனியே ஒலி பதியும் ஒரு பழைய கேசட் இயந்திரமும், ஒரேயொரு கேசட்டும் இருந்தன.

அந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்லாந்து நாட்டில், குளிர்காலத்தில் சூரியன் தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போகும் ஒரு சிற்றூரில், இரண்டு நண்பர்கள் தங்கள் வீட்டு நிலவறையில் பதிவு செய்த ஆறு பாடல்கள் அதில் இருந்தன. முப்பத்தெட்டு நிமிடம். பிளாக் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயர். புதிதாகக் கேட்கிறவருக்கு அது இசையென்றே தோன்றாது. கிட்டார் ரம்பமாக அறுக்கும். டிரம்ஸ் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழையாகப் பொழியும். எல்லாவற்றுக்கும் அடியில், பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான்.

தம்பிக்குப் பதினேழு வயதில் அதன் பிரதியின் பிரதி ஒன்று கிடைத்தது. முதல் நாள் எரிச்சல். இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள், அந்த அறுவைக்கு உள்ளே ஒரு மெட்டு இருப்பதை அவன் காது கண்டுபிடித்தது. கிட்டார்க்காரன் ஒரே சுரத்தை நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மீட்டுகிறான். மீட்டல்கள் ஒன்றோடொன்று உருகி ஒரே இழையாகின்றன. அந்த இழை நான்கு சுரங்கள் மெல்ல இறங்கி, மனமில்லாமல் ஒன்று ஏறி, மறுபடியும் இறங்குகிறது. அழுக்குப் படிந்த சன்னலின் வழியே பனி பெய்வதைப் பார்ப்பது போன்ற அனுபவம் அது. சன்னலைத் துடைத்துவிட்டால் பனி இன்னும் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். துடைக்கக் கை வராது.

அந்த மெட்டுக்கு அவன் அப்போதே ஒரு கதை கட்டி வைத்திருந்தான். உறைந்த ஏரியின்மேல் ஒரு தாய் நரி, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நடக்கிறது. பனிக்கட்டிக்குக் கீழே, அதன் காலடிக்கு நேர் அடியில், ஏதோ ஒன்று கூடவே நீந்தி வருகிறது. நரி நடந்துகொண்டிருக்கும்வரை பனிக்கட்டி தாங்கும். நின்றால் உடையும். அதனால்தான் அந்த மெட்டு எங்குமே நிற்பதில்லை என்று அவன் நம்பினான். நரி கரை சேர்ந்ததா என்று அவன் கதையில் இல்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, அந்த இசையை இசைத்தட்டாக வெளியிட அவனுக்கு அனுமதி கிடைத்தது. அந்த இருவரில் டிரம்ஸ் வாசித்தவர், இப்போது பேருந்து ஓட்டுகிறவர், மூல நாடாவான இந்தக் கேசட்டையே தபாலில் அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கடிதமும் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைத் தம்பி அக்காவிடம் காட்டவில்லை.

நிலவறையில் இரண்டு அறைகள். முதலாவது, கணினியும் ஒலிபெருக்கிகளும் உள்ள வேலை அறை. அதற்கு அப்பால், இரட்டைக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால், குரல் பதிவு செய்யும் அறை. அதன் சுவரும் கூரையும் சாம்பல் நிற நுரைப் பஞ்சால் மூடப்பட்டிருக்கும். கை தட்டினால் சத்தம் கையை விட்டுப் போகாது. ‘செத்த அறை’ என்றுதான் அங்கே வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்வார்கள். அதன் தடித்த கதவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விளிம்பிலுள்ள ரப்பர் காற்றை உறிஞ்சிக்கொண்டால் கதவு இறுகிவிடும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் விடும்.

அக்கா நாடாவைப் பொருத்தி முதல் பாடலை ஓட விட்டாள். பத்து நொடி கேட்டாள்.

"மிக்ஸியில கூழாங்கல்லைப் போட்டு ஓட விட்ட மாதிரி இருக்குடா."

"மூணு தரம் கேளுக்கா. அப்பத்தான் பிடிபடும்."

"மூணு தரமா? எனக்குப் புருஷன் இருக்கார். வீட்டுக்குப் போகணும்."

"அவர் ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கட்டுமே."

அவள் தலையில் குட்டினாள். பிறகு தொழில்காரியின் முகத்தோடு நாடாவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "பழைய நாடா. ஓட ஓட உதிரும். ஒவ்வொரு தடவையும் தன்னைக் கொஞ்சம் உதிர்த்துட்டுத்தான் பாடும். அதனால ஒரே தடவை ஓட்டிக் கணினியில ஏத்திக்கலாம். எத்தனை தடம்?"

"நாலு. முதல்ல கிட்டார். ரெண்டாவது டிரம்ஸ். மூணாவது குரல்."

"நாலாவது?"

கேசட்டின் தாளில் நான்காம் எண்ணுக்கு எதிரே ‘ஹுவோனே’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. பின்னிஷ் மொழியில் அதற்கு ‘அறை’ என்று பொருள்.

"பக்கத்து அறையில சும்மா ஒரு மைக் வெச்சிருக்காங்க போல. அங்க ஒண்ணும் இல்லை. காலி அறை."

அப்படிச் சொன்னபோது கடிதம் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் எழுதியிருந்தது இதுதான்: ‘நான்கு தடங்களும் ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். அறை இல்லாமல் மற்றவற்றைக் கேட்க வேண்டாம். மற்றவை இல்லாமல் அறையைக் கேட்க வேண்டாம். நாங்கள் ஒரு முறை கேட்டோம். என் நண்பன் நலமாக இருக்கிறான். மிகவும் அமைதியாகிவிட்டான். இசையில் அவனுக்கு இப்போது விருப்பமில்லை.’

இந்த வகை இசைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான், சிரித்தால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று தம்பி நினைத்தான். இதைக் காட்டினால் அக்கா ஒரு மாதம் கேலி செய்வாள். அவ்வளவுதான் அவன் கணக்கு.

இரைச்சலை நீக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ‘இதுதான் அழுக்கு’ என்று கணினிக்கு முதலில் ஒரு மாதிரி காட்ட வேண்டும். வழக்கமாகப் பாட்டு தொடங்குவதற்கு முன்னுள்ள வெறும் நொடிகளையே மாதிரியாக எடுப்பார்கள். இந்த நாடாவில் அப்படி வெறும் நொடியே இல்லை; பாட்டு பாட்டின்மேல் ஏறி வந்தது. நான்காம் தடத்திலோ முப்பத்தெட்டு நிமிடமும் ‘ஸ்’ என்ற நாடா ஓசை மட்டுமே இருந்தது.

"கேட்டதுக்கு மேலயே கிடைச்சிருக்கு," என்றாள் அக்கா. "இந்த அறையையே அழுக்குன்னு சொல்லிக் கொடுத்துடறேன். மத்த மூணுலேர்ந்தும் இதைக் கழிச்சுடும்."

"முழுக்கக் கழிச்சுடாதேக்கா. அழுக்குதான் இதுக்கு அழகு."

"கழிச்சுத்தான் பார்ப்போமே. பிடிக்கலைன்னா திருப்பிப் போட்டுடறேன். செத்தா போயிடும்?"

கணினி கணக்குப் போட்டு முடிக்க அரை மணி ஆயிற்று. பிறகு அவள் விளையாட்டாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓட விட்டாள்.

சன்னல் துடைக்கப்பட்டிருந்தது.

ரம்பம் போய்விட்டது. பதினைந்து ஆண்டுகளாக அவன் காதைச் சுருக்கிச் சுருக்கித் தேடிய மெட்டு, தண்ணீரில் விழுந்த நிலா போல எதிரே கிடந்தது. ஒரு கிட்டார் என்று அவன் நினைத்திருந்தது இரண்டு கிட்டார்; ஒன்று இறங்கும்போது மற்றொன்று அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படி பின்னால் இறங்கியது. டிரம்ஸுக்கு அடியில் ஒரு தளர்ந்த நடை இருந்தது. அது வெறியோடு அடித்ததல்ல, பயந்தவன் ஓடுகிற ஓட்டம். தம்பிக்குக் கண் கலங்கிற்று. அக்கா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

"டேய், இதைத்தான் இத்தனை வருஷமாக் கேட்டுட்டிருந்தியா? ஏன்டா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னேன். நீ மிக்ஸின்னு சொன்ன."

அவள் சிரிக்கவில்லை. "யாரோ அழுதுகிட்டே தாலாட்டுப் பாடற மாதிரி இருக்கு. தூங்காத எதையோ தூங்க வைக்கிற மாதிரி."

இரண்டாம் பாடல் வந்தபோதுதான் தம்பி அதைக் கவனித்தான். கிணற்றின் அடியில் கத்திக்கொண்டிருந்த குரல் இப்போது அடியில் இல்லை.

கிணற்றின் விளிம்பில் இருந்தது.

அக்கா வழக்கப்படி கடைசிச் சோதனைக்குப் போனாள். எடுத்துப்போட்ட அழுக்கை மட்டும் தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். இசையின் துணுக்கு ஏதாவது தவறிப்போய் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கு. குப்பையைக் கொட்டுவதற்கு முன் ஒரு முறை கிளறிப் பார்ப்பது போன்ற காரியம் அது. ஒலிபெருக்கியில் ‘ஸ்’ என்று தூறல் விழுந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

டொக். டொக். டொக்.

"என்னடா அது?"

"டிரம்ஸோட மிச்சமா இருக்கும்."

"டிரம்ஸ் இல்லை. மரத்துல யாரோ தட்டறாங்க."

மறுபடியும் மூன்று தட்டல். இடையிலுள்ள மௌனம் ஒரே அளவாக இல்லை. தட்டிவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்து, மறுபடியும் தட்டுகிறவனின் இடைவெளி அது.

"நாடாவுல இருக்கா, நம்ம இடத்துல இருக்கா, பார்த்துடுவோம்," என்று அக்கா கேசட் இயந்திரத்தில் மற்ற மூன்று தடங்களையும் அடைத்தாள். நான்காவதை மட்டும் திறந்து ஓட விட்டாள்.

தம்பியின் கை சட்டைப் பைக்குப் போனது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அக்கா" என்று ஆரம்பித்தவன், "ஒண்ணுமில்லை" என்று முடித்தான்.

நாடா ஓடியது. தட்டல் இல்லை. ஆனால், செத்த அறையின் மைக்குக்கான முள் அளவுமானியில் துடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தியா? உள்ள மைக் திறந்து கிடக்கு. நேத்து வந்தவங்க அணைக்காமப் போயிருக்காங்க." அவள் எழுந்தாள். செருப்பு சப்பென்று அறைந்தது, சாவிக்கொத்து குலுங்கியது. கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.

கண்ணாடி வழியே அவளை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மைக்கின் கம்பியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அதன் நுனி எதிலும் செருகப்படவில்லை. அது திறந்திருக்க வழியே இல்லை என்பதைச் சொல்ல, அவனைப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டு சிரித்தாள்.

அளவுமானியில் முள் துடித்தது.

அவள் சிரிப்பு நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்த மூலையை நோக்கித் தலையைத் திருப்பினாள். அந்த மூலை கண்ணாடியில் தெரியாது.

அவள் அந்த மூலையிடம் ஏதோ கேட்டாள்.

பிறகு, பதில் வந்தது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்தினான். "அக்கா. போதும். வெளிய வா."

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அப்போது ஒலிபெருக்கியின் தூறலுக்குள்ளிருந்து, மிக அருகில், அவள் குரல் வந்தது.

"டேய் இரைச்சல், கதவு இறுகிக்கிச்சு. தோளைக் கொடுத்துத் தள்ளு."

அவன் பாய்ந்து போய்த் தோளைக் கொடுத்தான். கதவு அசையவில்லை. மறுபடியும் இடித்தான். சுவரை இடிப்பது போலிருந்தது.

"என்னடா பண்றே? சீக்கிரம். இங்க விளக்கு எங்க இருக்கு?"

கண்ணாடிக்கு உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அவள் அந்த வெளிச்சத்தில், மைக்கின் பக்கத்தில், அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரோ இருக்காங்கடா இங்க. பாஷை புரியலை. ஓயாமக் கத்தறார், பாவம். டேய்..."

தம்பி செய்த இரண்டாவது தவறு இது. பயந்தவன் எதைச் செய்வானோ அதைச் செய்தான். ஓடி வந்து நாடாவை நிறுத்தினான்.

"கதவைத் தி..."

குரல் பாதியில் அறுந்தது. மௌனம் காதை அடைத்தது.

கதவு தானே திறந்தது. ரப்பர் பிரியும் சத்தம்கூட இல்லை. அக்கா வெளியே வந்தாள். முகத்தில் களைப்பு இல்லை, பயம் இல்லை. மிகவும் கனிவாக அவனைப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லை தம்பி. வீட்டுக்குப் போகலாம்."

பிறந்ததிலிருந்து அவள் அவனைத் ‘தம்பி’ என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அவன் இயந்திரத்தையும் கேசட்டையும் பையில் திணித்துக்கொண்டான். அவள் கதவைப் பூட்டினாள். படி ஏறும்போது, தன்னையறியாமல் அவன் எண்ணிக்கொண்டே ஏறினான். பதினேழு படியிலும் ஒரே ஒருவருடைய காலடிச் சத்தம்தான் கேட்டது. சாவிக்கொத்து அவள் விரலில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அத்தான் அவனைக் கூடத்தில் பிடித்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

"மச்சான், என்ன மாயம் பண்ணின? பத்து வருஷத்துல இப்பத்தான் ஒழுங்காத் தூங்கறேன். குறட்டையே இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லைன்னாப் பாரேன்!"

அவருக்குப் பின்னால், சமையலறையில், அக்கா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக, எவர்சில்வர் தட்டுகளை. தம்பி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

தட்டுகள் பஞ்சாக இறங்கின.

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். கடிதத்தில் சொல்லியிருந்தபடி நான்கு தடங்களையும் ஒரே அளவில் வைத்து ஓட விட்டான். கிட்டார் அறுத்தது. ஆலங்கட்டி பொழிந்தது. கிணற்றுக் குரல் எங்கோ அடியில், தேய்ந்து தேய்ந்து, கத்திக்கொண்டிருந்தது. அதற்கும் இவனுக்கும் நடுவில்,

"அப்பாடா! எவ்வளவு நேரமாத் தட்டறேன். காது என்ன, அடைச்சுப் போச்சாடா உனக்கு?"

அவன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

அவன் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பேசுவது மட்டும் வந்தது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறாக வந்தது. ஆகவே அது பதிவு அல்ல. கணினியில் பிரதி எடுத்துப் பார்த்தான்; அந்த ஒரு ஓட்டத்தில் அவள் பேசியது மட்டும் பிரதியில் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தது, அவள் இல்லை. இயந்திரத்தை மறுபடியும் நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போய், நாடாவை ஓட விட்டுச் செத்த அறையின் கதவை அகலத் திறந்து வைத்தான். உள்ளே யாரும் இல்லை. ஒலிபெருக்கியில் அவள் சொன்னாள், "இன்னும் பூட்டித்தான்டா இருக்கு." அவள் தட்டிக்கொண்டிருந்த கதவு இந்தக் கதவு அல்ல.

நான்காம் பாடலில் அவள் குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு சொல்றேன் கேளு. பாட்டு ஓடறவரைக்கும் காலுக்குக் கீழ தரை இருக்கு. போன தடவை நின்னுதே, அப்ப இல்லை. கீழ ஏதோ கூடவே வருதுடா. தயவுசெஞ்சு நிறுத்தாதே."

பதினேழு வயதில் தான் கட்டிய நரிக் கதையை அவன் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பின்லாந்துப் பேருந்து ஓட்டுநருக்கு அவன் மின்னஞ்சல் எழுதினான். நடந்ததை எழுதினான். பதினைந்து ஆண்டுகளாகப் பொருள் தெரியாமல் கூடவே முணுமுணுத்த வரிகளுக்குப் பொருள் என்ன என்றும் கேட்டான். முதல் பாடலிலேயே திரும்பத் திரும்ப வரும் ‘அவா ஓவி, அவா ஓவி’ என்ற வரி அவனுக்கு மிகவும் பிடித்தது. ஒரு காலத்தில் அதைத் தன் புத்தக அட்டையில்கூட எழுதி வைத்திருந்தான்.

பதில் மறுநாளே வந்தது.

‘அந்த வரிகளை நாங்கள் எழுதவில்லை. எங்கள் பாடல்களில் வார்த்தைகளே கிடையாது. மூன்றாம் தடத்தைக் காலியாக விட்டிருந்தோம். அறையைத் தனியே கேட்ட பிறகு ஓட்டியபோது அதில் என் நண்பனின் குரல் இருந்தது. "கதவைத் திற, கதவைத் திற" என்று கத்தினான். அப்போது என் நண்பன் என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் காபி குடித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு முடிந்தபோதெல்லாம் நாடாவை ஓட்டினேன். பல ஆண்டுகள் ஓட்டினேன். எனக்கு வயதாகிவிட்டது. அவன் குரலும் தேய்ந்துவிட்டது. யாராவது இளையவர் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். என்னை மன்னியுங்கள்.’

நாடாவைத் திருப்பி அனுப்பச் சொல்லி அதில் எழுதியிருக்கவில்லை.

பதினொரு நாள் ஆயிற்று. தம்பி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டான். நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, தூங்கித் தூங்கி விழித்து, முப்பத்தெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை நாடாவைச் சுற்றி மறுபடியும் ஓட்டினான். அத்தான் கதவுக்கு வெளியே நின்று மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டுப் பார்த்தார். நாளுக்கு இரண்டு முறை, இயந்திரத்தில் நாடா உரசிச் செல்லும் முனையைப் பஞ்சால் துடைப்பான். பஞ்சில் பழுப்பு நிறத்தில் தூள் ஒட்டியிருக்கும். வில்லை தேய்க்கிறவன் அவன். தேய்ந்து விழுந்தது மறுபடியும் ஒட்டாது என்று அவன் கைக்குத் தெரியும். அந்தத் தூளில் பாட்டு எத்தனை பங்கு, அக்கா எத்தனை பங்கு என்று தெரியாமல், ஒரு பஞ்சைக்கூடத் தூக்கிப் போட மனம் வராமல், எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைத்தான்.

ஓட்டினால் தேய்கிறாள். நிறுத்தினால் அவள் காலுக்குக் கீழே தரை இல்லை.

இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதும் ஒரு விந்தை நடந்தது. அந்த இசை அவனுக்கு அலுக்கவில்லை. மெட்டு நான்கு சுரம் இறங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அவன் மார்பு விம்மியது. அந்த இடம் வரும்போது அக்காவும் பேச்சை நிறுத்திக் கேட்பாள். ஒரு நாள் அவள் சொன்னாள், "இந்த இடம் நல்லா இருக்குடா. பக்கத்துல இருக்கறவர்கூட இங்க கத்தறதை நிறுத்திடறார்." இருவரும் இருவேறு இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள்.

நாடா முடிந்து, மறுபடியும் முதலுக்குச் சுற்றி வருவதற்கு ஒரு நிமிடமும் ஐம்பது நொடியும் ஆகும். அந்த நேரத்தில்தான் அது வரும்.

முதல் நாள் கூடத்தில் நின்றது. அடுத்தடுத்த நாள் கதவருகே. கதவைத் தாழிட்டிருந்தும், நேற்று அறைக்கு உள்ளே, அலமாரியின் பக்கத்தில் நின்றது; அது நின்ற பக்கம் மின்விசிறியின் சத்தம்கூடச் செத்துக் கிடந்தது. அக்காவின் முகம், அக்காவின் புடவை, அக்காவுக்கு ஒரு நாளும் வாய்க்காத பொறுமை.

"தம்பி, எவ்வளவு நாள்தான் இதையே ஓட்டுவே? நிறுத்திட்டுச் சாப்பிட வா."

குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டுக் காத்திருக்கும். இயந்திரத்தைத் தொடாது. அதற்கு அவசரம் இல்லை. நாடா தேய்கிறது என்று அதற்கும் தெரியும்.

இன்று பிற்பகல் நாடா ஆறாம் பாடலின் கடைசிச் சுரத்தைத் தொட்டது. அக்காவின் குரல் காற்றில் கரைந்த நூலாக வந்தது. "சீக்கிரம் சுத்துடா இரைச்சல்."

கேசட் நின்றது. தம்பி பின்னோக்கிச் சுற்றும் பொத்தானை அழுத்தினான். சக்கரங்கள் சுழன்றன. திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு நொடிகளை எண்ணினான்.

இருபது. முப்பது.

செருப்புச் சத்தம் இல்லை. மூச்சு இல்லை. புடவை உரசவில்லை. தலைக்கு மேலே பழைய மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினான்.

நாற்பது. ஐம்பது.

நாடா பாதிகூடச் சுற்றி முடியவில்லை.

மின்விசிறியின் சத்தம் வலது காதில் கேட்டது.

இடது காதில் கேட்கவில்லை.